இரண்டே நிமிஷத்தில் இன்ஷூரன்ஸ்

ராஜகீழ்ப்பாக்கம் ஸ்ரீரங்கன் வீட்டில் ஒரு முடிவு எடுத்தால் அது அதிசயம். அதை மனைவி காதில் விழும்படி சொன்னால் பேரதிசயம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இரண்டும் ஒன்றாக நடந்தன.

"அபி, இந்த வருஷத்திலேர்ந்து கார் இன்ஷூரன்ஸுக்கு உங்க சித்தப்பா வேண்டாம்."

அடுக்களையில் அடைமாவுக்கு உப்புப் போட்டுக் கலந்துகொண்டிருந்த அபிதகுஜாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்? சித்தப்பா உங்களை என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணலை. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார். ஒரு பாரத்தை நீட்டறார். ரெண்டு டம்ளர் காபி குடிக்கறார். கமிஷனை வாங்கிண்டு போறார்."

"மூணு டம்ளர். போன வருஷம் நீங்க ஆறட்டும்னு வச்ச காபியையும் அவர்தான் குடிச்சார்."

"பார்த்தியா!"

சித்தப்பா என்பவர் பக்தவச்சலம். அபிதகுஜாம்பாளின் அப்பாவுக்குத் தம்பி. பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. எழுபது வயதாகியும் விடாத இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளைக்கு ஓர் ஆயுள் பாலிசி போட்டுவிட்டுத்தான் பஜ்ஜி தட்டை நீட்டினார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. ஸ்ரீரங்கனின் கார் பாலிசி அன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்கு நேரில் வருவதாகவும், பழுதுக் காப்பு, வெள்ளக் காப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் ஆகும் என்றும் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

உண்மையில் ஸ்ரீரங்கனுக்குப் பணமும் பெரிதில்லை, காபியும் பெரிதில்லை. சித்தப்பா வந்து உட்கார்ந்ததும், "நீங்க சிரமப்படாதேள் மாப்பிள்ளே, பேப்பர் படியுங்கோ" என்பார். பிறகு எல்லாவற்றையும் அபிதகுஜாம்பாளிடமே பேசுவார். கையெழுத்தும் அவளிடமே வாங்குவார். காருக்குச் சொந்தக்காரர் குத்துக்கல்லாய் எதிரே உட்கார்ந்திருக்க, இது என்ன நியாயம் என்று ஐந்து வருஷமாய் அவருக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் அவர் சூப்பரின்டெண்டென்ட். அங்கே அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சான்றிதழ் வெளியே போகாது. வீட்டில் அவர் கையெழுத்தை மதித்த ஒரே ஆள் கூரியர்காரர். இப்போது அவரும் ஓடிபி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

புகைந்த மனசில் முந்தின நாள் சாயங்காலம் நெருப்பு வைத்தவர் மாடி வீட்டு அசரியா. மாடிப்படியில் நிற்க வைத்துத் தன் போனைக் காட்டினார்.

"இன்னா சார், இன்னும் ஏஜென்டா? ஆப்புல வண்டி நம்பர் போட்டா போதும். பத்து கம்பெனி கொட்டேஷன் வரிசையா வந்து நிக்கும். குறைஞ்சதா பார்த்து அமுக்க வேண்டியதுதான். நான் டீக்கடைல டீ சொல்லிட்டு ஆரம்பிச்சேன். டீ வர்றதுக்குள்ள பாலிசி வந்திடுச்சு."

"ரெண்டு நிமிஷம்தான் ஆச்சா?"

"ரெண்டே நிமிஷம். அதுவும் ஸ்ட்ராங் டீ இல்ல சார், சாதா டீ."

ஸ்ரீரங்கன் இரவெல்லாம் அந்த சாதா டீயை நினைத்துக்கொண்டே படுத்திருந்தார். காலையில் எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து ஆப்பை இறக்கினார். அதன் பிறகுதான் மேலே சொன்ன அறிவிப்பு.

அபிதகுஜாம்பாள் மாவைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"உங்களாலே முடியுமா?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். கேட்டிருந்தாலும் அந்தக் குரலில் கேட்டிருக்க வேண்டாம். ஸ்ரீரங்கனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"முடியுமாவா? சித்தப்பா சொன்ன அதே அயிட்டங்களை வச்சு, அவர் வர்றதுக்குள்ள, அவரைவிட ஒரு ரூபாயாவது குறைச்சு எடுத்துக் காட்டறேன். பந்தயம்!"

"தோத்தா?"

ஸ்ரீரங்கன் யோசித்தார். பந்தயம் என்றால் எதையாவது வைக்க வேண்டும். ஆனால் கையை விட்டுப் போகாததாக இருக்க வேண்டும். சட்டைப் பையில் கார் சாவி கனத்தது. தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சாவி. அபிதகுஜாம்பாளுக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதுகூட நிச்சயமாய்த் தெரியாது என்பது அவர் கணக்கு. இதைவிடப் பத்திரமான பந்தயப் பொருள் உலகத்தில் இல்லை.

"தோத்தா கார் சாவியை உன் கையிலே கொடுத்துடறேன். நீயே வச்சுக்கோ. நீயே ஓட்டிக்கோ. கீழ்க்கட்டளைக்குப் போ, கன்னியாகுமரிக்குப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்புறம் மாத்திப் பேசப்படாது."

"பேச மாட்டேன்."

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "நிஜமாவா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அந்த இரண்டாவது 'நிஜமாவா'விலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. "சத்தியமா!" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

இங்கே அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை நிறம். ஐந்து வயது. ஓடியது மொத்தம் இரண்டாயிரம் கிலோமீட்டர். சனிக்கிழமை குளிக்கும். ஞாயிற்றுக்கிழமை சேலையூர் வரை போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பும். மற்ற நாளெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். ஷோரூமில் சீட்டுக்குப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை. அபிதகுஜாம்பாளின் தங்கை கீழ்க்கட்டளையில் இருக்கிறாள். "ஒரு நடை கார்ல போயிட்டு வரலாமே" என்று கேட்டால், "மேடவாக்கம் டிராஃபிக் தெரியுமா உனக்கு?" என்பார். அவள் இரண்டு ஷேர் ஆட்டோ மாறிப் போய் வருவாள்.

பத்து மணிக்கு ஸ்ரீரங்கன் சோபாவில் அமர்ந்து ஆப்பைத் திறந்தார். ஒரு பொம்மைப் பெண் கைகூப்பி, 'வணக்கம்! இரண்டே நிமிஷம்!' என்றது. வண்டி நம்பரைத் தட்டினார். ஒரு வட்டம் சுற்றியது. அடுத்த நொடி காரின் மாடல், நிறம், வாங்கிய வருஷம், பாலிசி முடியும் தேதி எல்லாம் வந்து விழுந்தன.

"அபி! பன்னிரண்டு செகண்ட்! உங்க சித்தப்பா இந்நேரம் மூக்குக்கண்ணாடியைத் தேடிண்டிருப்பார்!"

"ம்."

அடுத்த வரியில் உரிமையாளர் பெயர் வந்தது. பாதுகாப்புக்காகப் பெயரின் நடுவில் நட்சத்திரங்கள் போட்டு மறைத்திருந்தார்கள். ஆனால் முன்னால் 'அபி' என்று இருந்தது. கடைசியில் 'பாள்' என்று இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நட்சத்திரம் போட்டாலும் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேறு ஒருவரும் பொருந்த மாட்டார்கள்.

ஸ்ரீரங்கனுக்கு முதலில் ஆப்பின் மேல் கோபம் வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது.

கார் வாங்கும் முன் ஜோசியரிடம் போனார்கள். அவர் ஸ்ரீரங்கனின் ஜாதகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வாகன ஸ்தானம் சுத்தமா காலி சார். உங்க பேர்ல சைக்கிள்கூட வாங்காதேள். மாமி ஜாதகத்துல வாகன யோகம் ஜொலிக்கறது." அதன்படி காரை அபிதகுஜாம்பாள் பெயரில் பதிவு செய்தார்கள். ஜோசியருக்காகச் செய்த ஏற்பாடுதானே என்று ஸ்ரீரங்கன் அதை மறுநாளே மறந்துபோனார். ஆர்டிஓ ஆபீஸ் மறக்கவில்லை. சித்தப்பாவும் மறக்கவில்லை.

'இந்த வாகனத்தோடு பதிவான கைபேசிக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம். கடைசி இரண்டு எண்கள் 43.'

ஸ்ரீரங்கனின் நம்பர் 17-இல் முடியும். 43 யார் என்று அவர் யோசிக்கும்போதே அடுக்களையில் 'டிங்' என்று சத்தம் கேட்டது.

அதுவும் அவர் கைவேலைதான். ஷோரூமில் போன் நம்பர் கேட்டபோது, தன் நம்பரைக் கொடுத்தால் கடன் வேணுமா கிரெடிட் கார்டு வேணுமா என்று நாளெல்லாம் பிடுங்குவார்களே என்று மனைவியின் நம்பரைக் கொடுத்துவிட்டார். ஐந்து வருஷமாய் அந்த அழைப்புகளையெல்லாம் அவள்தான் எடுத்துப் பேசுகிறாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவர் பல தடவை தனியாய்ச் சிரித்திருக்கிறார்.

"அபி, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் படியேன்."

"யார் கேட்டாலும் ஓடிபி சொல்லப்படாதுன்னு நீங்கதானே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேள்?"

"நான் யாரோவா?"

"பதினோரு மணி வரைக்கும் போட்டிக்காரர்."

"விளையாடாதே! முப்பது செகண்ட்தான் இருக்கு!"

"கையெல்லாம் மாவு. போனை எடுத்துண்டு வாங்கோ, விரலை வைக்கறேன்."

போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் ஆள்காட்டி விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாள். போன் அவளை யார் என்றே தெரியாத மாதிரி பார்த்தது. இன்னும் அழுத்தி வைத்தாள். கண்ணாடியில் கடலைப்பருப்பு ஒட்டியது. ஸ்ரீரங்கன் மேல்துண்டால் விரலைத் துடைத்தார், போனைத் துடைத்தார், மறுபடி விரலைத் துடைத்தார். நாலாவது தடவை போன் திறந்தது. நம்பரைப் படித்துக்கொண்டே சோபாவுக்கு ஓடி வந்தார். 'நேரம் முடிந்துவிட்டது' என்றது பொம்மைப் பெண். அது அப்போதும் கைகூப்பியே நின்றது.

இரண்டாவது ஓடிபி சரியாக உள்ளே போனது. மணி பத்தே கால்.

"இனிமே ஓட்டம்தான்!" என்றார் ஸ்ரீரங்கன்.

'கொட்டேஷன்களை ஒப்பிட, தயவுசெய்து 43-க்கு வந்த ஓடிபியை இடவும்.'

டிங்.

இந்தத் தடவை அபிதகுஜாம்பாள் போனைத் தானே கையில் வைத்திருந்தாள். விரல் ஈரமெல்லாம் காய்ந்திருந்தது.

"சொல்றேன். அவியலுக்கு ஒரு மூடி தேங்காய் துருவித் தந்துடுங்கோ."

"இது அநியாயம்!"

"சித்தப்பா வந்தா சாப்பிடாம போக மாட்டார். எனக்கு ரெண்டு கைதானே இருக்கு?"

கல்லூரி அலுவலகத்தில் இருபது பேரை நிற்க வைத்து வேலை வாங்கும் ஸ்ரீரங்கன் தரையில் சம்மணம் போட்டுத் தேங்காய் துருவினார். துருவலில் ஓடு விழுந்தால் ஓடிபி கிடையாது என்று நிபந்தனை வேறு. ஒரு மூடி முடிந்ததும் அவள் துருவலைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நம்பரைச் சொன்னாள். அதற்குள் அந்த நம்பர் செத்துப் போயிருந்தது. புது நம்பருக்குக் கொத்தவரங்காய் நறுக்கினார்.

பத்து முப்பத்தைந்துக்குக் கொட்டேஷன்கள் வந்தன. அசரியா பொய் சொல்லவில்லை. வரிசையாய் வந்து நின்றன. ஸ்ரீரங்கனுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. ஐந்து வருஷமாய் ஒரு கிளைமும் கேட்காததால் பாதிக்குப் பாதி தள்ளுபடி வேறு கிடைத்தது. வெளியே போகாத வண்டி எங்கே போய் இடிக்கும்?

சித்தப்பா சொன்ன அயிட்டங்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்தார். பழுதானால் பாகத்தின் முழு விலையும் தரும் காப்பு. அதைச் சேர்த்தார். வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் தரும் காப்பு. அதைச் சேர்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போன மழைக்கு ஊரோடு சேர்ந்து அவரும் காரை மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர். கடைசியில், இருப்பதிலேயே குறைந்த மொத்தத் தொகை வந்தது.

பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

சித்தப்பாவைவிட நூற்றிருபத்தைந்து ரூபாய் அதிகம். ஸ்ரீரங்கனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது. மேலேயும் கீழேயும் தள்ளித் தேடினார். அப்போது கண்ணில் பட்டது ஒரு சின்னக் கேள்வி. 'வாகன உரிமையாளரிடம் ஓட்டுநர் உரிமம் உள்ளதா?' ஆப் அதுவாகவே 'ஆம்' என்று போட்டு வைத்திருந்தது.

"அபிக்கு லைசென்ஸா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். 'இல்லை'யை அமுக்கினார்.

'உரிமம் இல்லாத உரிமையாளருக்கு விபத்துக் காப்பு தேவையில்லை. ரூபாய் 355 குறைக்கப்பட்டது.'

பதினோராயிரத்து அறுநூற்றுப் பத்து!

ஸ்ரீரங்கன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். மணி பத்து ஐம்பது. சித்தப்பாவைவிட முழுசாய் இருநூற்று முப்பது ரூபாய் குறைச்சல். பத்து நிமிஷம் பாக்கி. வாழ்க்கையில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வந்ததே இல்லை.

"அபி! ஓடி வா! கடைசி ஓடிபி! இதோட சித்தப்பாவுக்கு டாட்டா!"

டிங்.

அபிதகுஜாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வந்தாள். அவர் போனை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பொம்மைப் பெண்ணின் வணக்கத்தைக்கூட விடவில்லை.

"ஏன்னா, இதுல ஒரு பொய் இருக்கு."

"என்ன பொய்?"

"'எனக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை என்று உரிமையாளராகிய நான் உறுதி கூறுகிறேன்'னு போட்டிருக்கு. உரிமையாளர் நான்தானே? நான் எப்படிப் பொய் சொல்லி ஓடிபி கொடுக்கறது?"

"இதுல என்ன பொய்? உன்கிட்டே ஏது லைசென்ஸ்?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஸ்ரீரங்கன் அதைத் தூரத்தில் பிடித்தார். கிட்டே பிடித்தார்.

"யாரோடது இது? உன்னை மாதிரியே இருக்கா."

"நான்தான்."

"எப்போ?"

"மார்ச்ல."

"காலங்கார்த்தாலே எழுந்து யோகா கிளாஸ்னு போனியே, ஜாஸ்மின் மேடம்னு..."

"கிளாஸுக்குப் போறேன்னுதான் சொன்னேன். யோகான்னு நீங்களா நினைச்சுண்டேள். இந்த வயசுல உடம்பு வளையுமான்னு மாடி வீட்டுல போய்ச் சொல்லிச் சிரிச்சுட்டும் வந்தேள். ஜாஸ்மின் மேடம் கேம்ப் ரோடுல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கா."

"முட்டி வலின்னு நான் தைலம் தேய்ச்சு விட்டேனே!"

"எந்த முட்டி?"

"இடது முட்டி."

"கிளட்ச்."

ஸ்ரீரங்கன் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளாய் அவர் காரை ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த அபிதகுஜாம்பாள் வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பது நினைவுக்கு வந்தது. பாவம், பயந்த சுபாவம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அதுவா?" என்றாள் அவள், கேட்காமலே புரிந்துகொண்டு. "நீங்க பிரேக் போடாத இடத்துல நான் போட்டேன்."

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அபி."

"சொன்னா என்ன சொல்லியிருப்பேள்?"

ஸ்ரீரங்கன் மேடவாக்கம் டிராஃபிக் என்று ஆரம்பித்திருப்பார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"அஞ்சு வருஷமா என் பேர்ல ஒரு கார் வாசல்ல நிக்கறது. நான் மழையிலே நனைஞ்சுண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிக்கறேன். ஒரு நாள் ஆட்டோவுல இடமில்லைன்னு இறக்கி விட்டுட்டான். அன்னிக்கு ரோடு ஓரத்துல நின்னு அழுதேன். அப்புறம் அழுது என்ன பிரயோஜனம்னு எதிர்ல போர்டைப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல்."

அவள் அதைக் கோபமாய்ச் சொல்லியிருந்தால் ஸ்ரீரங்கன் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். சாதாரணமாய்ச் சொன்னாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐந்து வருஷமாய்க் காரைத் துடைத்த கைக்கு, இதைக் கவனிக்க ஒரு நாள் ஒழியவில்லையே என்று மனசு சுருக்கென்றது.

ஆனால் சுருக்கென்ற மனசும் மணியைப் பார்த்தது. பத்து ஐம்பத்தாறு. பந்தயம் பந்தயம்தான். மெல்லப் போனை வாங்கி 'இல்லை'யை 'ஆம்' ஆக்கினார். தொகை பழையபடி பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்துக்குப் போனது. கூடவே புதிதாய் ஒரு கட்டம் முளைத்தது. 'உரிமையாளருக்கு விபத்து நேர்ந்தால் தொகை பெறும் நாமினி யார்?'

"வெள்ளக் காப்பை மட்டும் எடுத்துட்டா ஆயிரம் ரூபா குறையும்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"எடுத்துடுங்கோளேன்," என்றாள் அபிதகுஜாம்பாள். "அதே அயிட்டம்னு சொன்னது நீங்கதான். இருந்தாலும் எடுத்துடுங்கோ. ஐப்பசி வரட்டும். பாலத்துல கார்கூட நீங்களும் போய்ப் படுத்துக்கலாம்."

ஸ்ரீரங்கனின் கட்டைவிரல் அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றது. மனக்கண்ணில் தெருவில் தண்ணீர் ஏறியது. வெள்ளைக் காரின் சக்கரம் முழுகியது. விரலை எடுத்துவிட்டார்.

வாசல் மணி அடித்தது. சித்தப்பா ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லை.

"மாப்பிள்ளே! நீங்க சிரமப்படாதேள், பேப்பர் படியுங்கோ," என்று சொல்லிக்கொண்டே பக்தவச்சலம் உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தார். "ஆப்புல பார்க்கறேளாமே? அபி மெசேஜ் போட்டா. பார்க்க வேண்டியதுதான். காலம் அப்படி. எவ்வளவு காட்டறது?"

"பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து," என்றார் ஸ்ரீரங்கன், வாய்க்குள்.

"நம்மது எண்ணூத்தி நாப்பதுதான். அபி ஓட்டப் போறாளேன்னு விபத்துக் காப்பும் சேர்த்துத்தான்."

"உங்களுக்கும் தெரியுமா?"

"நன்னாருக்கே! டெஸ்ட் அன்னிக்கு வெயில்ல குடை பிடிச்சுண்டு நின்னது யாரு? என்னமா ரிவர்ஸ் எடுத்தா தெரியுமோ மாப்பிள்ளே! இன்ஸ்பெக்டரே அசந்து போய்ட்டார்."

முதல் டம்ளர் காபி வந்தது. சித்தப்பா பாரத்தை விரித்து, பேனாவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். அதற்கு மட்டும் ஸ்ரீரங்கன் கணக்குப்படி இரண்டு நிமிஷம் ஆனது. பிறகு சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"வாகன உரிமையாளர், அபிதகுஜாம்பாள். ஓட்டுநர், அபிதகுஜாம்பாள். போன் நம்பர், கடைசியிலே நாப்பத்துமூணு. இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா."

ஸ்ரீரங்கன் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒண்ணும் வேலை இல்லையா அதுலே?"

"இல்லாம? நாமினி நீங்கதான்!" என்றார் சித்தப்பா, அவர் தோளைத் தட்டி.

அடையும் அவியலும் ஆயின. அவியலில் தேங்காய் அமிர்தமாய் இருக்கிறதே, யார் துருவினது என்று சித்தப்பா கேட்டார். ஸ்ரீரங்கன் இன்னோர் அடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அபிதகுஜாம்பாள் கையை நீட்டினாள். ஸ்ரீரங்கன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகும் வளையத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்னா."

விட்டுவிட்டார்.

"தங்கை வீட்டுக்குப் போய்ட்டு வரலாம், வாங்கோ. சித்தப்பாவும் வரட்டும், திரும்பி வரச்சே பீர்க்கன்கரணையில விட்டுடலாம்."

ஸ்ரீரங்கனே போர்வையை எடுத்து மடித்தார். பழக்க தோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து, உட்காரப் போய், அங்கே அபிதகுஜாம்பாள் நிற்பதைப் பார்த்து விலகினார். சரி, பக்கத்து சீட்டாவது ஆச்சு என்று சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். அங்கே சித்தப்பா ஏற்கெனவே ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர். ஏஜென்ட் வேறு. எழுந்திருங்கள் என்று சொல்ல முடியாது.

ஸ்ரீரங்கன் தன் காரின் பின்சீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரவென்று வழுக்கியது. மடியில் தங்கைக்கு எடுத்துப் போகும் அவியல் தூக்கு. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. மாடி பால்கனியில் அசரியா டீ டம்ளரோடு நின்று பார்த்தார். ஸ்ரீரங்கன் பார்க்காதவர் போல் போனைப் பார்த்தார். முதல் தடவையாக அன்று அவர் போனும் 'டிங்' என்றது. பொம்மைப் பெண் கைகூப்பி நின்றது. 'இன்னும் இரண்டே நிமிஷம்தான்!'

முனையில் அபிதகுஜாம்பாள் இண்டிகேட்டர் போட்டாள். மேடவாக்கம் பக்கம் லாரியும் பஸ்ஸும் தண்ணி வண்டியுமாய் நெருக்கிக்கொண்டு போயின. இத்தனை வருஷமாய் அவரைக் கீழ்க்கட்டளைப் பக்கம் போக விடாத அதே டிராஃபிக். ஸ்ரீரங்கன் சட்டென்று நிமிர்ந்து முன்னால் சாய்ந்தார். வலது கால் தானாகத் தரையை மிதித்தது. "பார்த்து அபி, ரைட்ல லாரி! மெதுவா! ஹாரன் அடி! நான் சொல்றச்சே எடு!" என்றார்.

கண்ணாடியில் அபிதகுஜாம்பாளின் கண்கள் அவரை ஒரு நொடி பார்த்தன.

"ஏன்னா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கோ. பின்னாடி வர்ற வண்டி தெரியலை."